தவிட்டுக்கு வாங்கிய பெயர்

என் பெயரின் முன்பாதி குப்பை, பின்பாதி அம்மாள். புதிதாகச் சந்திக்கிற ஒருவரிடம் இதைச் சொன்னால் அவர் முகத்தில் என்னென்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் உதட்டோரம் ஒரு துடிப்பு. அதை அடக்கிக்கொண்டதும் கண்ணில் ஓர் இரக்கம். சிரித்தவர்களை நான் மன்னித்திருக்கிறேன். இரக்கப்பட்டவர்களில் ஒருவரையும் மன்னித்ததில்லை.

எனக்கு முன்னால் என் அம்மா மூன்று பிள்ளைகளைப் பெற்று மூன்றையும் மண்ணுக்குக் கொடுத்திருந்தாள். ஒன்றுகூட ஒரு வயதைத் தாண்டவில்லை. இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சாணியும் சாம்பலும் கொட்டுகிற மேடு ஒன்று இருந்தது. நான் பிறந்த அன்று, குளிப்பாட்டக்கூடச் செய்யாமல், பழந்துணியில் சுற்றி என்னை அதன்மேல் கொண்டுபோய்ப் போட்டார்கள். அப்பாவோடு ரயில்வேயில் வேலை பார்த்தவரின் மனைவி, பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா, ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்ததுபோல வந்து, யார் பெற்ற பிள்ளையோ குப்பையில் கிடக்கிறதே என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி என்னை எடுத்துக்கொண்டார். அம்மா ஒரு முறம் தவிடு கொடுத்து அவரிடமிருந்து என்னை விலைக்கு வாங்கினாள். பேச்செல்லாம் உரக்கத்தான். எமன் காதில் விழ வேண்டும் அல்லவா. இது நான் பெற்றதில்லை, குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு வாங்கினது, இதைக் கொண்டுபோய் நீ என்ன செய்யப்போகிறாய் என்று அவனிடம் சொல்கிற ஏற்பாடு அது. பெயரும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்ததுதான்.

என்னைத் தூக்கியெடுத்த அந்தத் தெலுங்குக்காரம்மாவின் பெயருக்கும் அவர்கள் பாஷையில் எருக்குப்பை என்றுதான் அர்த்தம். நெல்லூர்ப் பக்கத்தில் அவருடைய அம்மாவும் அவரை இதே போலக் கிடத்தி இதே போல வாங்கியிருக்கிறார். அதனால்தான் அந்தக் காரியத்துக்கு அவரைக் கூப்பிட்டதாக அம்மா சொல்வாள். தப்பிப் பிழைத்த கை.

மற்றவர்கள் பிள்ளைக்குப் படிப்பு வர வேண்டும், செல்வம் சேர வேண்டும், அழகு வர வேண்டும் என்று அதற்கதற்கு உண்டான தெய்வத்தின் பெயரை வைக்கிறார்கள். என் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. இது உயிரோடு இருக்கட்டும். அப்படிப்பட்ட பெயரைக் கேட்டு ஒருவர் முகம் சுளித்தால் எனக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள்தான். வருகைப் பதிவு எடுக்கும்போது தினமும் ஒரு கிளுகிளுப்பு ஓடும். பிள்ளைகளின் சிரிப்பு அது, சோற்றுமணி அடித்தால் தீர்ந்துவிடும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கோபம் பெரியவர்களிடமிருந்து தொடங்கியது.

எண்பதுகளின் நடுவில் தாம்பரத்தில் தெருவுக்குத் தெரு நர்சரிப் பள்ளி முளைத்துக்கொண்டிருந்தது. ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு, வாசலில் ஒரு ஆங்கிலப் பலகையை மாட்டினால் பள்ளிக்கூடம். பிளஸ் டூவும் சிறு பிள்ளைகளுக்கான ஆசிரியர் பயிற்சியும் முடித்துவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் அப்படி ஒரு பள்ளியில் வேலை கேட்டுப் போனேன். பள்ளியை நடத்தியவரைக் கரஸ்பாண்டன்ட் சார் என்பார்கள். வெள்ளைச் சட்டை, மென்மையான குரல். நன்றாகப் பேசுவதாகவும் எழுத்து அழகாக இருப்பதாகவும் என்னைப் பாராட்டினார். பிறகு என் சான்றிதழை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

“எல்.கே.ஜி. பி செக்‌ஷன் உங்களுக்குத்தான். ஆனா பேரு மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்” என்றார்.

அந்த வகுப்பை அதுவரை பார்த்துக்கொண்டிருந்த மிஸ் கல்யாணமாகிப் போய்விட்டார். குழந்தைகளுக்கு அவர் பெயர் பழகிவிட்டது, பள்ளி டைரியிலும் அச்சாகிவிட்டது. ஆகவே இனி அந்தப் பெயர் எனக்கு. அது ஒரு பூவின் பெயர். சொல்ல நன்றாகத்தான் இருக்கும். யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன சட்டையைப் போல அதை எடுத்து என்னிடம் நீட்டினார். எனக்கு வேலை வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒரு வருஷத்துக்குமேல் அந்தப் பூவாக இருந்தேன். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று திரும்ப வராது. மற்ற டீச்சர்கள் எனக்குக் காது மந்தம் என்று நினைத்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வேறு யாரையோ என்று நான் என் வேலையைப் பார்த்தேன். கூப்பிட்டது என் வகுப்புக் குழந்தையும் அதன் அம்மாவும். அந்த அம்மா மறுநாளே பள்ளிக்கு வந்து எனக்குத் தலைக்கனம் என்று சொல்லிவிட்டுப் போனார். கரஸ்பாண்டன்ட் என்னை அழைத்துப் புன்னகையோடு கண்டித்தார். பெயரை இன்னும் மனதுக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் பழைய மிஸ் குழந்தைகளைப் பார்க்க வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நல்ல உயரம், கையில் ஒரு இனிப்புப் பெட்டி. நாங்கள் இருவரும் மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து கரஸ்பாண்டன்ட் அந்தப் பூப்பெயரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமே “சார்” என்றோம்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. உங்கள் பெயரை நான் எடுத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது, தப்பாக நினைக்க வேண்டாம் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“அது என் பேரே இல்லைங்க” என்றார். “நான் பல்லாவரத்துல ஒரு சாயபு வீட்டுப் பொண்ணு. என் பேருக்கு அரபில பொறுமைன்னு அர்த்தம். அதைச் சொன்னா பேரன்ட்ஸ் வேற மாதிரி நினைப்பாங்கன்னு சார் இதை வெச்சாரு.”

பெயரோடு ஒரு பொட்டும் வைத்துக்கொண்டால் நன்றாயிருக்கும் என்றாராம். பொட்டு மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டு, பெயரை ஏற்றுக்கொண்டு மூன்று வருஷம் இருந்திருக்கிறார். அவருக்கும் வேலை வேண்டியிருந்தது. அவருக்கு முன்னால் யாருக்காவது அது சொந்தப் பெயராக இருந்ததா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். முதலாவது மிஸ் யார் என்று அங்கே யாருக்கும் ஞாபகமில்லை.

அன்று வகுப்புக்குத் திரும்பிப் போய்க் கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. அதுவரை என் பெயரில்தான் ஏதோ குறை, அதனால் மறைக்கிறார்கள் என்று ஒரு மூலையில் நானும் நம்பியிருந்தேன் போலிருக்கிறது. பொறுமை என்ற பெயரில் என்ன குறை கண்டார்? ஒன்றும் இல்லை. குப்பையானாலும் பொறுமையானாலும் அவருக்கு வேண்டியது வேலைக்கு ஓர் ஆள். அந்த ஆளுக்கு அம்மா அப்பா இருந்தார்கள், பெயர் வைத்தார்கள், அதற்கு ஒரு காரணம் இருந்தது என்பதெல்லாம் அவருக்குத் தொந்தரவு.

மறுநாள் காலை முதல் பீரியடில் குழந்தைகளிடம் என் பெயரைச் சொன்னேன். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து கதையையும் சொன்னேன். குப்பைமேடு, தெலுங்குக்காரம்மா, தவிடு, ஏமாந்துபோன எமன். எமன் ஏமாந்த இடத்தில் கை தட்டினார்கள். திரும்பச் சொல்லச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் நான் குப்பை மிஸ் ஆகிவிட்டேன். அந்தப் பள்ளியில் அதற்குமுன் கூப்பிட்ட குரலுக்கு அத்தனை சந்தோஷமாக நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை அது முற்றிவிட்டது. இடைவேளையில் ஒரு பெண் குழந்தை, வகுப்பிலேயே துறுதுறுப்பானவள், பள்ளிக்குப் பின்னால் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். வாழைப்பழத் தோலும் பென்சில் சீவலும் கிடந்த இடம். யாராவது தன்னைத் தவிட்டுக்கு வாங்க வேண்டும் என்று அடம். பிஸ்கட் தருகிறேன் என்று ஆயா கெஞ்சினாள். பிஸ்கட்டுக்கு வர மாட்டாளாம், தவிடுதான் வேண்டுமாம். சலவை செய்த சீருடை முழுக்க அழுக்கோடு அவள் வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை அவளுடைய அம்மா வந்தார். கரஸ்பாண்டன்ட் அறையில் என்னை நிற்க வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே அவரிடம் பேசினார். இத்தனை நாள் வேறு பெயர் சொல்லி ஏமாற்றியிருக்கிறீர்கள் என்று தொடங்கினார். அதில் நியாயம் இருந்தது. பிறகு சொன்னார்:

“எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிறவளுக்கும் இதே பேருதான் சார். குழந்தை அவளையும் மிஸ்ஸுங்கிறா.”

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இந்த அம்மாவின் வீட்டில் எச்சில் தட்டு கழுவுகிறவளும் யாரோ ஒருத்தி பிள்ளைகளை வரிசையாகப் பறிகொடுத்துவிட்டு, இதையாவது விட்டுவிடு என்று எமனிடம் மன்றாடிப் பெற்ற பிள்ளைதான். அவளை ஒரு நாள் உட்கார வைத்து, ஏன் இந்தப் பெயர் என்று இந்த அம்மா கேட்டிருப்பாரா? நான் அவரிடம் சொன்னேன்: “வீட்டுக்குப் போய் அவங்களைக் கேளுங்க. அவங்களுக்கு முன்னாடி எத்தனை குழந்தை செத்துச்சுன்னு கேளுங்க.”

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். சாவு, செத்தது என்றெல்லாம் குழந்தைகள் பள்ளியில் பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். கரஸ்பாண்டன்ட் அதே மென்மையான குரலில், இன்றோடு நிறுத்திக்கொள்ளலாம் டீச்சர் என்றார்.

“யாரை நிறுத்தறீங்க சார்? அந்தப் பூவையா, என்னையா?” என்று கேட்டேன்.

அவர் ஆயாவைக் கூப்பிட்டு என் பையை எடுத்துவரச் சொன்னார். அடுத்த வாரமே புது மிஸ் வந்துவிட்டார் என்றும், டைரியில் இருந்த அதே பெயரைத்தான் அவருக்கும் வைத்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

அம்மா என் பக்கம் நிற்பாள் என்று எதிர்பார்த்து வீட்டுக்கு வந்தேன். அவள் வைத்த பெயருக்காகத்தானே இத்தனையும். அவளோ அரிசி களைந்த கையோடு நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அது எமனுக்கு வெச்ச பேருடி. நீதான் பொழைச்சிக்கினயே. அதோட வேலை முடிஞ்சிபோச்சி. இன்னும் இன்னாத்துக்கு அதைத் தூக்கினு திரியற?”

கரஸ்பாண்டன்டிடம் வந்த வார்த்தை அவளிடம் வரவில்லை. கோபம் மட்டும் வந்தது. அன்று ராச்சாப்பாடு சாப்பிடவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் ஒரு தொழிற்சாலையில் வேலை. குடும்பம் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்று வசதிக்கு வந்திருந்தது. வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துவிட்டது. எனக்கும் மறுப்பில்லை. ஒரு நாள் அப்பா கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மூலைக்கு மஞ்சள் தடவலாம் என்று ஒன்றை எடுத்தேன். மாப்பிள்ளை பெயர் சரியாக இருந்தது. மணமகள் என்ற இடத்தில் யாரோ ஒருத்தியின் பெயர்.

முதலில் அச்சகத்துக்காரன் தவறு என்று நினைத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் எண் கணித ஜோசியரிடம் போயிருக்கிறார்கள். அப்போது அது பெரிய மோகம், எங்கே பார்த்தாலும் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். என் பெயருக்குக் கூட்டிக் குறைக்கவெல்லாம் வழியில்லை, மொத்தமாகவே தூக்கிவிடுங்கள் என்று ஜோசியர் சொல்லி வேறொன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். என் பெற்றோரிடம் கேட்டு, அவர்களும் சரி என்று சொல்லி, பத்திரிகை அடித்தாகிவிட்டது. என்னிடம் கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

புதுப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அப்பாவிடம் கேட்டேன். நல்ல பெயர்தான் அம்மா என்றார். அர்த்தம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. அப்பாவால் அதை ஒரு தடவைகூடத் திக்காமல் சொல்ல முடியவில்லை. நாளைக்கு என்னை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

மாப்பிள்ளையிடம் நேரில் பேச வேண்டும் என்றேன். வீட்டில் பெரிய ரகளைக்குப் பிறகு குன்றத்தூர் முருகன் கோயிலில் சந்திக்கலாம் என்று முடிவாயிற்று. அவர் தன் அக்காவோடு வந்திருந்தார். அக்கா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். பத்திரிகை விஷயத்தைச் சொன்னேன். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியுங்க. எனக்கு எந்தப் பேரா இருந்தாலும் ஒண்ணுதாங்க” என்றார்.

கெட்ட மனுஷர் இல்லை. பெருந்தன்மையாகப் பேசுவதாகத்தான் அவர் நினைத்தார். உங்கள் பெயரை இப்படி மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்வீர்களா என்று கேட்டேன். நான் ஏதோ விளையாட்டுக்குக் கேட்டதுபோலச் சிரித்தார்.

“ஆம்பளைப் பேரை எதுக்குங்க மாத்தணும்?”

கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டேன். கீழே காத்திருந்த அம்மா அப்பாவிடம் கல்யாணம் வேண்டாம் என்றேன். அம்மா அங்கேயே, பூக்கடைக்குப் பக்கத்தில், மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

பத்திரிகைகள் பல நாளைக்கு வெந்நீர் அடுப்புக்குப் போயின. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், தட்டை நகர்த்திவிட்டுப் போய்விடுவாள். பேருக்கு ஏற்றபடி குப்பையாகத்தான் கிடக்கப்போகிறாள் என்று சித்தப்பா வீட்டில் சொன்னது என் காதுக்கு வந்தது. அந்த வீட்டுக்கு இன்றுவரை நான் போவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய மிஸ், பொறுமை என்று பெயருள்ளவர், தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என் வேலை போன கதை அவருக்கு ஆயா மூலம் எட்டியிருந்தது. அவருடைய கணவர் துபாயில் இருந்தார். சும்மா இருக்கப் பிடிக்கவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து டியூஷன் தொடங்கலாமா என்று கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அவர் நான் சொல்லி முடிக்கும் முன்பே, பலகையில் நம் பெயர்தான் என்றார்.

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடி அறை பிடித்தோம். பலகை எழுதியவர் என் பெயரைக் கேட்டுவிட்டு, தூரிகையைக் கீழே வைத்து, இது நிஜப் பெயர்தானா அக்கா என்றார். எழுதுங்கள் என்றேன். முதல் இரண்டு மாதம் பலகையைப் படித்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனவர்கள் உண்டு. தோழியின் பெயரைப் பார்த்துச் சிலர் திரும்பினார்கள், என் பெயரைப் பார்த்துச் சிலர். மாடி ஜன்னலில் நின்று, இது உன் கணக்கு, இது என் கணக்கு என்று சொல்லிக்கொள்வோம். சிரிப்போம்தான், ஆனால் சிரித்து முடித்தபின் இரண்டு பேருக்கும் வாயில் கசப்பு நிற்கும். பிள்ளைகள் காலாண்டுத் தேர்வில் மார்க் வாங்கிய பிறகு கூட்டம் வந்தது. மார்க்குக்கு முன்னால் எந்தப் பெயரும் யாருக்கும் உறுத்துவதில்லை.

விமானப்படைக் குடியிருப்பிலிருந்து ஒரு இந்திக்காரம்மா தன் மகளைக் கொண்டுவந்து விட்டார். அரைகுறைத் தமிழில் என் பெயரின் அர்த்தம் கேட்டார். சொன்னேன், வழக்கமான முகத்துக்குத் தயாராக இருந்தேன். உதடு துடிக்கவில்லை. அவருடைய ஊரில், அவருடைய சொந்த அண்ணனை, முன்பு பிறந்தவை தங்காததால், பிறந்த உடனே முறத்தில் போட்டுத் தரையில் இழுத்தார்களாம். அவன் பெயருக்கே இழுக்கப்பட்டவன் என்று அர்த்தமாம். பட்டாளத்தில் பெரிய வேலையில் இருப்பதாகச் சொன்னார். அங்கே அவன் பெயரை யாராவது மாற்றச் சொன்னார்களா என்று கேட்டேன். யார் கேட்பார்கள் என்று கையை விரித்தார். எனக்கு அந்த அண்ணன்மேல்கூடக் கொஞ்சம் கோபம் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சாயங்காலம் அம்மா முதல் முறையாக அந்த மாடிக்கு வந்தாள். அப்பாவுக்குக் காய்ச்சல், சீக்கிரம் வரச் சொல்ல வந்திருந்தாள். அதற்குள் என்னோடு ஒன்றிரண்டு வார்த்தை பேசத் தொடங்கியிருந்தாள், அவ்வளவுதான். மூச்சு வாங்க வாசற்படியில் நின்று பலகையைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தாள். உள்ளே பிள்ளைகள் நோட்டை நீட்டிக்கொண்டு, குப்பை மிஸ், குப்பை மிஸ் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பழகிய சத்தம்.

அம்மா உள்ளே வந்து, முன்வரிசையில் இருந்த ஒருவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

“இன்னாடா பாதி பேரு சொல்ற? பலகையில முழுசா எழுதிக்கீது, கண்ணு தெரியலையா? அம்மாள்னு சேத்துச் சொல்லு.”

அவன் பயந்துபோய் முழுப் பெயரையும் சொன்னான். மற்றவர்களும் சொன்னார்கள். அம்மா தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, அப்பாவுக்குக் காய்ச்சல் அதிகமாக இருக்கிறது, டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்றாள். பிள்ளைகளைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது, லாரிகளுக்குப் பயந்து, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.